சாவியோடு முடிந்துபோகும் உதவி

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை ஒருபக்கம். 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட சிறப்புப் பொருளாதார மண்டலம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து ஜோகூர் பாருவின் நிலத்துக்குப் புது விலை எழுதுகின்றன. விலை ஏறுகிறதே, சாதாரணக் குடும்பம் எங்கே போகும் என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது: மேம்பாட்டாளர்களை மலிவு வீடு கட்ட வைக்கிறோம், வீட்டு வரியையும் குறைவாக வைத்திருக்கிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தப் பதிலைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் அது எனக்குத் தவறாகவே படுகிறது.

இதில் நல்லதும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிய வீடமைப்புத் திட்டங்களில் 30 விழுக்காடு மலிவு வீடாக இருக்க வேண்டும், விலை 25,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்ற ஏற்பாடு 1982-இல் வந்தது. 1998-இல் அந்த உச்ச விலை 42,000 ஆனது. ஜோகூர் இன்னும் ஒரு படி மேலே போய் 40 விழுக்காடு கேட்டது. 42,000, 80,000, 150,000 ரிங்கிட் என விலைப் படிகளையும் வகுத்தது. எந்த மேம்பாட்டாளரும் தானாக முன்வந்து அந்த விலைக்கு வீடு கட்டித் தரமாட்டார். சொந்த வீடு என்பதே கனவாக இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடுதான் வாசற்கதவைத் திறந்தது.

வரியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் மற்ற மாநிலங்கள் ஒரு வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்து மதிப்பீட்டு வரி கணக்கிடுகின்றன. ஜோகூர் மட்டுமே வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இதற்கு 5 விழுக்காடு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. வசூலிக்கப்படுவது அதைவிட மிகக் குறைவு. விலையுயர்ந்த வீட்டுக்காரர் கூடுதலாகவும் எளிய வீட்டுக்காரர் குறைவாகவும் கட்டுகிறார்கள். இதுவரை குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை, சாவி கைக்கு வந்த மறுநாள் தொடங்குகிறது.

மலிவு வீடு என்றால் பெரும்பாலும் அடுக்குமாடி. நிலம் விலை ஏறிய ஊரில் 42,000 ரிங்கிட்டுக்கு வீடு தர வேண்டுமானால் மேலே மேலேதான் கட்ட முடியும். அடுக்குமாடி என்றால் மின்தூக்கி, தண்ணீர்த்தொட்டி, மோட்டார், படிக்கட்டு விளக்கு, பொதுக் கூரை எல்லாம் உண்டு. தமானில் தரைவீட்டில் இருப்பவரின் வாசலில் உள்ள தெருவிளக்கு, கால்வாய், சாலை ஆகியவற்றை ஊராட்சி மன்றம் பார்த்துக்கொள்கிறது. அதற்குத்தான் அவர் வரி கட்டுகிறார். அடுக்குமாடிக்காரருக்குத் தெரு என்பது நடைபாதை. அங்கே எரியும் விளக்குக்கு அவரே பணம் தர வேண்டும். அவர் வீட்டுக்குப் போகும் சாலை மின்தூக்கிதான். அது பழுதானாலும் அவரேதான் சரிசெய்ய வேண்டும். 2015 ஜூன் முதல் நடப்பில் உள்ள அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்தில் ஒரு பங்கு சேமநிதியும் செலுத்துவது அவர் கடமை. அதோடு, பிப்ரவரிக் கடைசிக்குள் ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசிக்குள் ஒருமுறையும் மதிப்பீட்டு வரியையும் கட்டுகிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரைவீட்டுக்காரர் ஆண்டுக்கு 300 ரிங்கிட் வரி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலிவு அடுக்குமாடிக்காரருக்கு வரி பாதிதான், 150 ரிங்கிட். பார்த்தவுடன் நல்ல சலுகையாகத் தோன்றும். ஆனால் அவருக்குப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 50 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 600. விளக்கு எரிவதற்கும் வீடு போய்ச் சேர்வதற்கும் அவர் தருவது மொத்தம் 750 ரிங்கிட். வசதி குறைந்தவர் இரண்டரை மடங்கு கட்டுகிறார். வரி குறைவு என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டில் ஒன்றைத் தவறவிடலாம் என்ற நிலை வரும்போது குடும்பங்கள் எதைத் தவறவிடும்? மன்றத்திடம் பறிமுதல் ஆணை இருக்கிறது. வரி பாக்கிக்காக வீட்டுக்குள் வந்து பொருளை எடுத்துப்போக முடியும். பக்கத்து வீட்டுக்காரர்களே நடத்தும் நிர்வாகக் குழுவிடம், சட்டத்தில் வழி இருந்தாலும், அவ்வளவு பலம் இல்லை. பராமரிப்புக் கட்டணம்தான் நிற்கும். அது நின்றால் மின்தூக்கி நிற்கும். மின்தூக்கி நின்றால், கட்டுகிறவர்களும் எதற்குக் கட்ட வேண்டும் என்று நிறுத்துவார்கள். என் அத்தை ஒன்பதாவது மாடியில் இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் கீழே இறங்கியது மருத்துவமனைக்கும் தீபாவளிக்கும்தான். அரிசி மூட்டையைப் பேரப்பிள்ளைகள் மாடிக்கு ஒருவராக நின்று கைமாற்றி ஏற்றுவார்கள். வீட்டு வரியை மட்டும் அவர் ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மாசாயிலும் கூலாயிலும் ஸ்கூடாயிலும் எத்தனையோ. லயத்து வாழ்வு சுகமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் கூரை ஒழுகினால் போய்ச் சொல்ல அங்கே ஒரு கிராணி இருந்தார். பழுது பார்ப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. இங்கே கூரையும் நமது, ஒழுகலும் நமது. சொந்த வீடு என்ற பெயரில் நம் கைக்கு வந்தது வாழ்நாள் முழுக்கத் தொடரும் பழுதுச் செலவு.

இதற்கு அதிகாரிகள் தரும் விளக்கம் எல்லாருக்கும் தெரியும்: வேலிக்கு உள்ளே இருப்பது தனியார் சொத்து, பொதுப் பணத்தை அங்கே செலவிட முடியாது. அந்த வேலியை அங்கே போட அனுமதி தந்தது யார்? திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது மன்றம். அடுக்குமாடியாகக் கட்ட வைத்தது மாநிலக் கொள்கை. அடுக்குமாடிகளைக் கண்காணிக்கும் கட்டட ஆணையர் பொறுப்பும் மன்றத்திடமே இருக்கிறது. கண்காணிக்கவும் வரி வாங்கவும் வேலியைத் தாண்டி வருகிறவர்கள், மின்தூக்கியைப் பழுதுபார்க்க மட்டும் வாசலில் நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முடியாது என்பதும் உண்மையல்ல. பினாங்கு மாநில அரசு மலிவு அடுக்குமாடிகளின் பெரிய பழுதுகளுக்கு 80 விழுக்காடு வரை தானே தரும் நிதி ஒன்றை நடத்துகிறது. மத்திய வீடமைப்பு அமைச்சிடமும் பராமரிப்பு நிதி உண்டு. ஆனால் அது விண்ணப்பித்துக் காத்திருந்து ஒருமுறை பெறும் உதவி, உரிமையாகக் கிடைப்பதல்ல. ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளைப் பார்க்கிறார்கள். அங்கும் மாதக் கட்டணம் உண்டு. ஆனால் அரசு அதில் கழிவு தருகிறது. மின்தூக்கியைப் பார்த்துக்கொள்ளும் நகர மன்றங்கள் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பொறுப்பில் இயங்குகின்றன. மின்தூக்கி நின்றால் அடுத்த தேர்தலில் அவர் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊராட்சிச் சட்டத்தின் 162-ஆம் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு கட்டடம், நியாயமான வாடகைக்கு ஆள் தேடியும் கிடைக்காமல் காலியாகக் கிடந்தால், அதற்கான வரியைத் தள்ளுபடி செய்யவோ திருப்பித்தரவோ அது வழி வைத்திருக்கிறது. விற்காத, ஆளில்லாத சொகுசு அடுக்குமாடிகள் கடலோரம் நெடுக நிற்கும் மாநிலம் இது. காலி வீட்டுக்கு வரி திரும்பிவர வழியிருக்கிறது. மக்கள் நிறைந்திருந்து இரட்டைச் செலவு செய்யும் வீட்டுக்கு அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. வரியைக் குறைக்கவும் விலக்களிக்கவும் மாநில அரசுக்கு வேறு பிரிவுகளில் அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தும் மனம்தான் வேண்டும்.

அந்த மனம் ஏன் வரவில்லை? மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை; மாநில அரசு நியமிக்கிறது. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் புறந்தள்ளித் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. ஒன்பதாவது மாடியின் குரல் கேட்காமல் போனதன் வேர் அங்கே இருக்கிறது.

தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மலிவு அடுக்குமாடிகளில் வசூலாகும் மதிப்பீட்டு வரி முழுவதையும் அந்தந்தக் கட்டடத்தின் மின்தூக்கிக்கும் கூரைக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் ஒதுக்கலாம். குறையும் வருமானத்தை, ரயில் நிலையத்தால் விலை பலமடங்கு ஏறும் சொத்துகளை மறுமதிப்பீடு செய்து ஈடுகட்டலாம். தீபகற்பத்தில் விற்பனை மதிப்பில் வரி போடும் ஒரே மாநிலத்துக்கு அது கைவந்த வழி. இதுவும் உடனே ஆகாது என்றால், குறைந்தது ஒன்று செய்யட்டும். அடுத்த ஆகஸ்ட் தவணையின் வரிச் சீட்டில், இந்த அடுக்குமாடியிலிருந்து எவ்வளவு வாங்கினோம், வேலிக்கு உள்ளே எவ்வளவு செலவிட்டோம் என்று இரண்டு எண்களை அச்சிடட்டும். இரண்டாவது எண் பூச்சியமாக இருக்கும். அந்தப் பூச்சியத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, பிறகு மலிவு வீட்டைப் பற்றி மேடையில் பேசட்டும்.