தே வெய்: நான்கு படங்களின் எடை

சீன அனிமேஷன் என்றதும் தே வெய் (1915–2010) பெயரும் 'தேசிய பாணி' என்ற பட்டமும் சேர்ந்தே வருகின்றன. அந்தப் பட்டம் அவரைச் சரியாக அளக்கவில்லை என்பது என் கணிப்பு.

கேலிச்சித்திரக்காரராகத் தொடங்கியவர்; 1957இல் உருவான ஷாங்காய் அனிமேஷன் பட நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். 1956இல் அவர் எடுத்த 'கர்வம் பிடித்த தளபதி', பெய்ஜிங் இசைநாடகத்தின் முகப்பூச்சையும் அசைவுகளையும் திரைக்குக் கொண்டுவந்தது. சோவியத் படங்களின் சாயலை உதறும் துணிச்சல் அதில் இருக்கிறது. ஆனாலும் சீனத்தன்மை அங்கே வேடமாகவே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது நாமெல்லாம் அறிந்த நீதிக்கதைதான்.

1960இல் வந்தது 'அம்மாவைத் தேடும் தலைப்பிரட்டைகள்'. மறைந்த மை ஓவியர் சி பைஷியின் இறாலும் தலைப்பிரட்டையும் திரையில் நீந்தின. வழக்கமான கார்ட்டூனில் உருவத்துக்கு விளிம்புக்கோடு உண்டு, உள்ளே ஒரே சீரான வண்ணம். இந்த வகை மை ஓவியத்தில் விளிம்பே கிடையாது. மை தாளில் ஊறிக் கசியும். ஆகவே ஒவ்வோர் உருவத்தையும் மையின் அடர்த்திக்கேற்பப் பல அடுக்குகளாகப் பிரித்து வரைந்து, தனித்தனியே படமெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒளிப்பதிவாளர் துவான் சியாவ்சுவான், அனிமேஷன் கலைஞர் சியன் ஜியாஜுன் ஆகியோரின் உழைப்பு இதில் பெரிது. எல்லாவற்றையும் தே வெய் கணக்கில் எழுதுவது அநீதி. லொகார்னோ திரைப்பட விழாவில் 1961இல் பரிசும் கிடைத்தது. ஆனால் படத்தை இன்று பார்க்கையில் உறுத்துவது அந்த விவரிப்புக் குரல். கண்ணுக்குத் தெரிவதையே காதுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மை தன் வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கை இயக்குநருக்கு அப்போது வரவில்லை.

1963இல், சியன் ஜியாஜுனோடு சேர்ந்து எடுத்த 'மேய்ப்பனின் புல்லாங்குழல்' அந்தக் குரலைக் கைவிட்டது. காணாமல்போன எருமையைச் சிறுவன் குழலிசையால் மீட்கிறான், அவ்வளவே கதை. வர்க்கப் போராட்டம் எங்கே என்று கேட்ட காலம் அது. கலாசாரப் புரட்சி தே வெய்யைத் தனிமைச் சிறையில் தள்ளியது. அவர் படமெடுத்திருக்க வேண்டிய ஆண்டுகள் பறிபோயின.

1988இல், எழுபதைக் கடந்த வயதில், யான் ஷான்சுன், மா கேசுவான் ஆகியோருடன் இயக்கிய 'மலையும் நீரும் தரும் உணர்வு'. நோயுற்ற இசைஞர் ஒருவர் தன்னைப் பராமரிக்கும் படகோட்டிப் பிள்ளைக்குக் குச்சின் என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு மலைக்குள் நடந்துபோகிறார். பத்தொன்பது நிமிடத்தில் ஒரு சொல்கூட இல்லை. தாளில் வரையாமல் விட்ட வெண்மையே மூடுபனியாகிறது, ஆறாகிறது, பிரிவாகிறது. முதல் மை ஓவியப் படமான 'தலைப்பிரட்டைகள்'இல் நுட்பத்துக்காகக் கதை இருந்தது. இங்கே இந்தக் கதையை வேறெந்த நுட்பத்தாலும் சொல்ல முடியாது.

தே வெய்யை முதல் வரிசையில் வைக்க இந்த ஒரு படம் போதும். மற்றவை இதற்கான பயிற்சி. அவர்மீது எனக்கிருக்கும் குறை வேறு. இத்தனை கைகளும் இத்தனை காலமும் கேட்ட இந்த முறை, அரசு நிறுவனத்தின் நிழலில் மட்டுமே வாழக்கூடியது. சந்தைக் கணக்கு வந்ததும் அது பெரும்பாலும் நின்றுபோனது. சிறிய குழுக்களும் கையாளக்கூடிய எளிய வழியொன்றை, நிறுவனத் தலைவராக அவர் தேடியிருக்க வேண்டும்.