டிசம்பரில் வரும் பெப்பர்மின்ட்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அமெரிக்கக் கடைகளுக்கு வரும் பெப்பர்மின்ட் ஐஸ்கிரீமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். க்ரீம் நாக்கில் படர்ந்து கரையும்போதே, சிவப்பும் வெள்ளையுமான மிட்டாய்த் துணுக்கு நறுக்கென்று உடையும். அப்போது மூச்சை இழுத்தால் தொண்டைவரை சில்லிடும்! அந்தக் குளிர்ச்சியில் பாதி, பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தாலின் வேலை. குளிரை உணரும் நரம்பு ஏற்பி ஒன்றை அதுவும் தூண்டிவிடுகிறது. 2002-இல் அந்த ஏற்பியைத் தனித்தனியே அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

டப்பாவைத் திறந்தபின் நாள் கடத்தக் கூடாது. மிட்டாய் ஈரத்தை இழுத்து இளகி, இளஞ்சிவப்புக் கோடுகளாகப் பரவிவிடும். பார்க்க அழகுதான்; ஆனால் கடிபடும் சுகம் போய்விடும். பலர் சாக்லேட் பாகு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது பெப்பர்மின்ட்டின் வாசனையை அமுக்கிவிடுகிறது, எனக்கு வேண்டாம்.