எதுவரை இசை?

எகிப்தின் காரி முஸ்தபா இஸ்மாயில் (1905–1978) குர்ஆன் ஓதிய பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. பயாத்தி என்னும் மகாமில் (நம் ராகம் போன்றது) கீழே தொடங்கி, வசனத்தை மெல்ல மேலேற்றி, மூச்சு முடியும் இடத்தில் சட்டென்று நிறுத்துவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். அதே வசனத்தை மறுபடி எடுத்து வேறொரு மகாமுக்குள் கொண்டுபோவார். அரபு தெரியாத கச்சேரி ரசிகர் இதை இசை என்றுதான் சொல்வார். அரபு மொழி சொல்லாது. பாட்டுக்கு ‘கினா’, பாடுபவர் ‘முகன்னி’. இதுவோ ‘திலாவத்’, ஓதுபவர் ‘காரி’. ‘மூசிகா’ என்ற சொல்லும் அரபில் உண்டு, கிரேக்கத்திலிருந்து வந்தது. 10ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி அல்-ஃபாராபி எழுதிய பெருநூலின் தலைப்பிலேயே அது இருக்கிறது. ஆனாலும் ஓதுதல் அதற்குள் வராது. இசை மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்று மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். அந்த வழக்கில் வேதம் சிக்காதபடி வேலி போட்டது சொல்தான்.

பாரசீகத்திலும் இதே கதை. ‘கான்தன்’ என்ற வினைக்குப் படிப்பது, பாடுவது என்று இரு பொருளும் உண்டு. ஈரானில் ஆய்வு செய்த இசையியலாளர் புரூனோ நெட்டில், ‘மூசிகி’ என்பது முதன்மையாகக் கருவியிசையைச் சுட்டுவதையும் ஓதுதல் ‘கான்தன்’ பக்கம் நின்றுவிடுவதையும் கவனித்து எழுதினார். நமக்கு இது புதிதல்ல. பண்ணோடு தேவாரம் பாடுபவரை நாம் ஓதுவார் என்கிறோம், பாடகர் என்பதில்லை. இசையின் எல்லையைப் போடுவது காது அல்ல, மதிப்பு என்பதே இந்த மொழிகளையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது.

கிரேக்கர்களின் ‘மூசிகே’ கலைத்தேவதைகளான மூசாக்களின் கலை. கவிதையும் ஆடலும் அதில் அடக்கம். உடலுக்கு ஜிம்னாஸ்டிக், உள்ளத்துக்கு மூசிகே என்று பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் கல்வியைப் பிரித்தபோது, குழந்தைக்குச் சொல்லும் கதைகளையும் அதில்தான் சேர்த்தார். 6ஆம் நூற்றாண்டில் ரோமத் தத்துவஞானி போயிதியஸ் ஒரு படி மேலே போனார். கோள்களின் ஒழுங்கு முதல் இசை. உடலும் உயிரும் பொருந்துவது இரண்டாவது. குரலிலும் கருவியிலும் எழுவது கடைசி. காதில் விழுவதற்குக் கடைசி வரிசை! 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சார்ங்கதேவர் பாட்டு, வாத்தியம், நடனம் மூன்றையும் சேர்த்தே சங்கீதம் என்றார். இன்று சங்கீத வித்வானை ஆடச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சீனர்களின் பழைய ‘இசைக் குறிப்பு’ நூல் இப்படிப்பட்ட உயர்வு தாழ்வு வரிசையை மறைக்கவே இல்லை: வெறும் ஒலி விலங்குக்கும் தெரியும், ஒழுங்குபட்ட ஒலி பாமரனுக்கும் தெரியும், இசை சான்றோனுக்கே தெரியும். அந்த இசையைக் குறிக்கும் எழுத்தே மகிழ்ச்சியையும் குறிக்கிறது. உச்சரிப்பு மட்டும் வேறு. ஜப்பானில் ககாகு என்னும் அரசவை இசை, நோ நாடகப் பாட்டு, ஷாமிசென் என்னும் தந்திக்கருவியின் இசை என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயரோடும் தனித்தனிக் குருகுலத்தோடும் இருந்தது. 1879இல் கல்வி அமைச்சகம் ‘ஓங்காகு’ (இசை) ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தது. மறு ஆண்டு பாஸ்டனிலிருந்து இசையாசிரியர் லூதர் ஒயிட்டிங் மேசனை வரவழைத்தது. அதன்பின் ஸ்காட்லாந்து மெட்டுகூட ஜப்பானியப் பள்ளிப் பாட்டானது. எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல்லாக ஓங்காகு ஊன்றிக்கொண்டது பள்ளிக்கூடத்தின் வழியேதான்.

ஆப்பிரிக்க மொழிகளில் இசைக்குச் சொல்லே இல்லை என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நைஜீரியாவின் டிவ் மக்களின் பாட்டை ஆராய்ந்த சார்லஸ் கீல் 1979இல் வெளியிட்ட ‘டிவ் சாங்’ நூலில் சொன்னது அவ்வளவு மொட்டையானதல்ல: டிவ், யொரூபா, ஹவுசா முதலிய மொழிகளில் இசைக்கு நேரான ஒற்றைச் சொல் எளிதில் அகப்படவில்லை என்பதே அவர் கண்டது. பாட்டும் கொட்டும் ஆட்டமும் சேர்ந்தால் இக்போ மொழியில் ‘ன்குவா’. சுவாஹிலியில் முரசும் ‘ங்கோமா’, அதைச் சுற்றி நடக்கும் ஆட்டமும் ‘ங்கோமா’. ஹவுசாவில் ‘கிடா’ என்றால் கொட்டுவது. தந்தியை மீட்டுவதும் அதில் சேரும். ஊதுவதற்கும் பாடுவதற்கும் வேறு சொற்கள். இதைக் குறை என்று நினைப்பவர்கள், பறையாட்டத்தில் அடிப்பவரே ஆடுவதையும் கவனிக்க வேண்டும். அதைக் கொட்டு வேறு ஆட்டம் வேறு என்று எங்கே வெட்டுவது?

தமிழில் ‘இசை’ பரந்த சொல். புகழுக்கும் அதுதான், இணங்குவதற்கும் அதுதான். வினைக்கு வந்தால்தான் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. வீணை வாசிக்கிறார், மிருதங்கம் வாசிக்கிறார், தவில் வாசிக்கிறார். பறை மட்டும் ‘அடிக்கிறார்’. தவிலின் ஒரு பக்கத்திலும் குச்சிதான் விழுகிறது. வேறுபாடு கருவியில் இல்லை, யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. சாவு வீட்டில் ஒப்பாரியும் பெரும்பாலும் பாடப்படுவதில்லை, ‘வைக்கப்படுகிறது’. பறை இயக்கத்துக் கலைஞர்கள் ‘பறையிசை’ என்று அச்சடித்து, ‘இசைக்கிறோம்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாளிதழ்ச் செய்தியும் விழா அழைப்பிதழும் எழுதுகிறவர்கள், தவிலுக்குத் தரும் வினையையே பறைக்கும் தர வேண்டும்.