நகரக் கூடாது என்றார்கள். 204 இதழ்களும் எழுந்தன

ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றும் கிடையாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது என்ற நிலையில் களமிறங்குவது ஒன்றே ஒன்றுதான்: தொடக்க விழாவின் ஜோதிக் கொப்பரை. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, குறித்த நேரத்தில் பற்றி எரிந்தாக வேண்டும்.

சிட்னியில் 2000-ல் அது காலை வாரியது. ஜோதி ஏற்றிய ஓட்ட வீராங்கனை கேத்தி ஃப்ரீமனைச் சுற்றித் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த தீ வளையம் மேலே ஏறாமல் ஏறத்தாழ நான்கு நிமிடம் திணறியது. ஒரு சுவிட்ச் தப்பான தகவல் கொடுத்ததுதான் காரணம். வான்கூவரில் 2010-ல் நிலைமை இன்னும் பரிதாபம். நான்கு தூண்களில் மூன்றுதான் எழுந்தன. நான்காவதை ஏற்ற வேண்டிய ஸ்கேட்டிங் வீராங்கனை கேத்ரியோனா லெ மே டோன், ஜோதியும் கையுமாக நின்றதுதான் மிச்சம். நிறைவு விழாவில் ஒரு கோமாளியை விட்டு அந்தத் தூணை ‘ரிப்பேர்’ பார்க்க வைத்தார்கள். சமாளிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்!

சூடு கண்ட பூனையான லண்டன் 2012 அமைப்பாளர்கள், அசையும் பாகமே வேண்டாம் என்று வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கிடம் சொல்லி வைத்தார்கள். அவர் கொண்டுவந்ததோ முழுக்க முழுக்க அசைகிற கொப்பரை. அணிவகுப்பில் ஒவ்வொரு நாட்டோடும் ஒரு செப்பு இதழ் வந்தது. தரையில் படுத்திருந்த நீண்ட குழாய்களின் முனைகளில் அவை பொருத்தப்பட்டன. இளம் வீரர்கள் ஏழு பேர் தீ வைத்ததும் குழாய்கள் வரிசை வரிசையாக நிமிர்ந்து, 204 சுடர்களும் ஒன்றாகக் குவிந்தன.

இதில் மாதிரி செய்வதுதான் கில்லாடி வேலை. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். குழாயின் குறுக்குப் பரப்போ நூறில் ஒரு பங்காகத்தான் குறையும். அதனால் மேசைமேல் விறைப்பாக நிற்கும் குழாய், நிஜ அளவில் தொய்ந்துவிடலாம். நெருப்பும் அப்படித்தான், அளவுகோலுக்குக் கட்டுப்படாது. சின்ன மாதிரி அழகைக் காட்டும், நடத்தையைக் காட்டாது. எனவே யார்க்‌ஷயரின் ‘ஸ்டேஜ் ஒன்’ பட்டறையில் முழு அளவிலேயே கட்டிச் சோதித்தார்கள். உயரம் 8.5 மீட்டர், எடை 16 டன். இதழ் ஒவ்வொன்றும் தனி வடிவம். கார் பாடி தட்டிப் பழகிய கைகள் செம்பைத் தட்டி உருவாக்கியவை. விஷயம் கசியாமலிருக்க, ஒரு நாயின் பெயரான ‘பெட்டி’யே ரகசியப் பெயர். செய்தி ஹெலிகாப்டர்கள் கண்ணில் படாமலிருக்க, மைதானத்தில் ஒத்திகை நள்ளிரவுக்குப் பிறகு. போட்டிகள் முடிந்ததும் பிரித்து, இதழ்களை அந்தந்த நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இயக்கத்துக்கு முழு மதிப்பெண் போடலாம். இருந்த இடத்துக்குப் போட முடியாது. மைதானத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. 1948 லண்டன் போட்டியிலும் வெம்ப்ளி மைதானத்துக்குள்தானே இருந்தது என்றார் ஹெதர்விக். டிக்கெட் கிடைக்காமல் பூங்காவைச் சுற்றி வந்தவர்களுக்கு அது ஒரு பதிலா?

அந்தக் குறையைப் பாரிஸ் 2024-ல் தீர்த்தது. மாத்தியூ லெஹானூர் வடிவமைத்த 7 மீட்டர் வளையத்தைப் பலூன் ஒன்று 60 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்ல, ஊரே அண்ணாந்து பார்த்தது. வளையத்தில் நெருப்பு இல்லை. 40 எல்இடி விளக்குகளும் 200 குழல்கள் பீய்ச்சும் நீர்ப்புகையும்தான். நெருப்பே இல்லாததால் எரிவாயுக் குழாய்த் தொல்லையும் ஒழிந்தது. ஆனால் காற்று பலமாக அடித்தால் பலூனை ஏற்ற முடியாது.