தொலைக்காட்சியில் விளையாட்டாளன்: இரு தோற்றம், ஒரு சந்தை

மாங்குளம்வரை எட்டும் இந்தியத் தொலைக்காட்சிச் செய்திகளில் ‘பப்ஜி’ ஆடும் இளைஞன் நோயாளியாக, அன்றேல் குற்றவாளியாக மீண்டும் மீண்டும் சித்திரிக்கப்பட்டான். 2020 செப்டெம்பரில் இந்திய அரசு அவ்விளையாட்டைத் தடை செய்தது. கூறப்பட்ட காரணங்கள் நாட்டின் பாதுகாப்பும் பயனர் தரவுமே. 2021இல் அது புதுப்பெயரில் மீண்டது. 2022இல் அதன் போட்டித் தொடரை ‘ஸ்டார் ஸ்போர்ட்ஸ்’ ஒளிபரப்பியபோது, நேற்றைய நோயாளி வீரனானான். விளையாட்டு ஒன்றே, அதனோடு மூலதனம் கொண்ட உறவே மாறிற்று. இளைஞனின் ஓய்வுநேரம் பண்டமாக்கப்படுவதை இவ்விரு சித்திரிப்புகளும் மறைக்கின்றன. போரின் பின் வேலையும் களமும் அருகிய வன்னியில், கைபேசியோடு அமர்ந்திருக்கும் மகனைப் பெற்றோர் ‘அடிமை’ என்னும் அத்தொலைக்காட்சிச் சொல்லாலேயே அளக்க நேர்கிறது. அச்சொல் யாருடைய நலனிலிருந்து பிறந்தது என வினவுதலை நாம் விமர்சனத்தின் முதற்பணியாகக் கொள்கிறோம்.