நாள் செய்ததா, ஆள் செய்ததா?

சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தால், இராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் எனக் காலை முதல் மாலைவரை மனிதனை மிரட்டும் பட்டியல் ஒன்று தலைகாட்டும். அதனைக் கண்டு நகைக்கும் படித்த இளைஞரும், நாளேட்டைப் பிரித்தவுடன் ஆவலோடு படிக்கும் பகுதி ஒன்றுண்டு. 'வரலாற்றில் இன்று' என்பது அதன் தலைப்பு. முன்னது மூடநம்பிக்கை, பின்னது பொது அறிவு என்பதே நாட்டிலே நிலவும் எண்ணம். அந்தப் பொது அறிவைத்தான் நாம் இங்கே உரசிப் பார்க்க விழைகிறோம்.

பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். 1541இல் சாந்தியாகோ நகரம் நிறுவப்பட்டது. 1804இல் காண்ட் மறைந்தார். 1809இல் டார்வின் பிறந்தார், லிங்கனும் பிறந்தார். 1818இல் சிலி நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்டது. 1909இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் தொடங்கப்பட்டது. 1912இல் சீனத்தின் கடைசி மன்னனுடைய முடி துறக்கப்பட்டது. 2001இல் ஈராஸ் என்னும் சிறுகோளில் விண்கலம் இறக்கப்பட்டது. போரிலே சிறுவர்களைப் படைவீரராக்கும் கொடுமைக்கு எதிரான செங்கை நாளும் இதுவே. அத்தனையும் ஒரே மூச்சில், ஒரே அளவில்! நிறுவப்பட்டது, அறிவிக்கப்பட்டது, தொடங்கப்பட்டது, துறக்கப்பட்டது. எல்லாம் 'பட்டது' என்றால் செய்தவன் எங்கே? செய்யத் தூண்டிய காரணம் எங்கே? ஆளை ஒளித்து நாளை உயர்த்தும் இந்த நடை, பஞ்சாங்கத்தின் நடைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

டார்வினும் லிங்கனும் ஒரே நாளில் பிறந்தது தற்செயல், வேறொன்றுமில்லை. ஒருவர் இங்கிலாந்தின் சுரூசுபரி நகரில், செல்வ மருத்துவர் ஒருவரின் மாளிகையில் பிறந்தார். மற்றவர் அமெரிக்காவின் கெண்டக்கியில், மரக்கட்டைகளை அடுக்கிய ஓரறைக் குடிலில் பிறந்தார். ஒருவர் எடின்பரோவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். மற்றவர் பள்ளியில் கழித்த நாட்கள் அனைத்தையும் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. ஒருவர் 73ஆம் அகவையில் தம் இல்லத்திலே கண்மூடினார். மற்றவர் 56ஆம் அகவையில், நாடக அரங்கிலே சுடப்பட்டு மாண்டார். அன்றைய கோள்கள் இருவரில் யாருக்காகச் சுழன்றன? சோதிடர் உடனே, இலக்கினம் வேறு, நாழிகை வேறு என்பார். நன்று! நாழிகைக்கு நாழிகை விதி மாறுமெனில், உலக மக்கள் அனைவரையும் பன்னிரண்டு கூறாக்கிக் கூறுக்கு இரண்டு வரி வீதம் இராசி பலன் அச்சிடுகிறார்களே, அது எந்தக் கணக்கு?

இருவரையும் இணைக்கும் இழை ஒன்று உண்மையாகவே உண்டு. அது நாளில் இல்லை. 1832இல் பிரேசிலிலே அடிமைகள் படும் பாட்டைக் கண்டு கொதித்த டார்வின், அடிமை முறைக்காகப் பரிந்து பேசிய தம் கப்பல் தலைவர் பிட்சுராயோடு சொற்போர் நடத்தினார். லிங்கன் 1863 சனவரி முதல் நாளில் விடுதலை ஆணை பிறப்பித்தார். அந்த ஆணை, கலகம் செய்த மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தியது. நாடு முழுவதும் அடிமை முறை ஒழிய 1865ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. பட்டியல் இதில் ஒன்றையும் சொல்வதில்லை. 'பிறந்தார்' என்பதோடு அதன் கடமை முடிந்தது. டார்வின் பிறந்த நாளை மனப்பாடம் செய்வது எளிது. அவர் கண்டதைக் கற்பிப்பதன்றோ அரிது! தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்தின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து, 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட நேர்ந்தது. ('குடி அரசு' ஏட்டிலே அறிவியலைத் தமிழில் எழுதிப் பரப்பிய சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11இல் மறைந்தார். ஒரு நாள் முந்திவிட்டார். ஆகவே அவருக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை!)

இனி, தற்செயல் அல்லாதவற்றைப் பார்ப்போம். சாந்தியாகோவை நிறுவியவன் வால்டிவியா என்னும் ஸ்பானிய ஆதிக்கக்காரன். 1817 பிப்ரவரி 12இல், ஆண்டீஸ் மலையைக் கடந்து வந்த சான் மார்ட்டினும் ஓகிகின்சும் சாக்கபுக்கோ என்னுமிடத்தில் ஸ்பானிய அரசின் படையை முறியடித்தனர். மறு ஆண்டு, அந்த வெற்றி நாளையே தேர்ந்தெடுத்து, விடுதலையை மக்கள் முன் அறிவித்தனர். நாள் அவர்களைத் தேடி வரவில்லை. அவர்களே நாளைப் பிடித்து வந்தனர்.

1909ஆம் ஆண்டின் கதையும் அத்தகையதே. 1908இல், லிங்கன் வாழ்ந்த ஸ்பிரிங்பீல்டு நகரிலேயே வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைத் தாக்கி, வீடுகளைக் கொளுத்தியது. அந்தக் கொடுமை கண்டு எழுந்தோர், லிங்கனின் நூற்றாண்டு நாளை வேண்டுமென்றே தேர்ந்து ஓர் அறைகூவலை வெளியிட்டனர். ஏறத்தாழ 60 பேர் ஒப்பமிட்டனர். டூபாயிசும் ஐடா வெல்சும் அவர்களில் இருவர். அன்று வெளிவந்தது அறைகூவல் மட்டுமே. மாநாடு கூடியது மே இறுதியில். சங்கம் தன் பெயரைச் சூடியது 1910இல். 'தொடங்கப்பட்டது' என்ற ஒரு சொல் எரிந்த வீடுகளையும் மறைத்துவிட்டது, ஓராண்டு உழைப்பையும் விழுங்கிவிட்டது.

இந்தப் பட்டியலில் நுழையவே முடியாதவர்கள் வேறு இருக்கிறார்கள். எடின்பரோவில் மாணவராயிருந்த டார்வினுக்கு 1826இல் பறவைகளைப் பாடம் செய்யும் கலையைக் கற்பித்தவர் ஜான் எட்மன்ஸ்டன். தென்னமெரிக்காவின் கயானாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். மாணவர் பிறந்த நாளை உலகம் அறியும்; ஆசிரியர் பிறந்த நாள் தெரியவில்லை. அடிமையின் பிள்ளைக்கு நாள் குறிப்பார் யார்? பிரடெரிக் டக்ளஸ், தம் வயதைத் தாம் அறியார் என்பதை 1845இல் வெளியிட்ட தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதினார். பின்னாளில் பிப்ரவரி 14ஐத் தமக்குப் பிறந்த நாளாகத் தாமே வைத்துக்கொண்டார்.

நம் நாட்டிலும் செல்வர் வீட்டுச் சாதகம் நாழிகையும் விநாழிகையும் பேசிற்று. நாற்று நட்டவளின் மகனுக்கோ புயலடித்த ஆண்டு என்பதே குறிப்பு. முதியோர் பலருக்குப் பிறந்த நாள் என்பது, பள்ளிச் சேர்க்கையின்போது ஆசிரியர் மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுதிய நாள்தான்.

விடுதலை பெற்ற அடிமைகளின் மகனான கார்ட்டர் ஊட்சன் என்னும் வரலாற்று அறிஞர், 1926இல் கறுப்பின வரலாற்று வாரம் ஒன்றை ஏற்படுத்தினார். லிங்கனின் 12ஆம் நாளும் டக்ளஸின் 14ஆம் நாளும் அடங்குமாறு பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். 1976 முதல் அது திங்கள் முழுவதும் கொண்டாடப்படுகிறது.