நம்பிக்கையும் அயலவரும்: திருக்கோணமலையில் நின்று மூன்று நூல்களை நோக்குதல்

கிறித்தவ நம்பிக்கைக்கும் சமகால வாழ்வுக்குமுள்ள உறவினை ஆராயும் நூல்களுள் இலங்கையர் மூவர் எழுதியவை நமது கவனத்துக்குரியன. திஸ்ஸ பாலசூரியவின் 'நற்கருணையும் மனித விடுதலையும்' 1970களின் பிற்பகுதியிலும், அலோசியஸ் பீரிஸின் 'ஆசிய விடுதலை இறையியல்' 1988இலும், வெஸ்லி அரியராஜாவின் 'என் அயலவரின்றி அல்ல' 1999இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. இவற்றை இறையியல் மாணவர்க்கே உரியனவென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. சமய நம்பிக்கை சமூக மாற்றத்துக்குத் துணையா, தடையா என்ற வினாவில் அக்கறையுள்ள எவரும் இவற்றைப் பயில வேண்டும்.

இவற்றைத் திருக்கோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் நின்று நோக்குவது பயனுடையது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கிய வரலாறு இங்கு கல்லிலேயே பதிந்துள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இப்பிரதேசத்திற் கிறித்தவர் சிறுபான்மையினர். எனவே, நம்பிக்கை பற்றிய எக்கூற்றையும் அயலவர் முன்னிலையிலேயே இங்கு கூற வேண்டியுள்ளது.

பாலசூரியவின் வினா எளியது, ஆனாற் கூர்மையானது. நூற்றாண்டுகளாக அப்பம் பகிரும் சடங்கை நடத்திய சமூகங்களே குடியேற்ற நாடுகளைச் சுரண்டியது எவ்வாறு? பகிர்வின் அடையாளம் பகிர்விலிருந்து பிரிக்கப்பட்டு வெறுஞ் சடங்காயிற்று என்பது அவர் விடை. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த இத்துறைமுகத்தில் அவ்விடையின் பொருள் தெளிவாகும். பின்னர் அவர் எழுதிய 'மரியாளும் மனித விடுதலையும்' காரணமாக 1997 ஜனவரியில் அவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டதும், ஓராண்டின் பின் அத்தடை நீக்கப்பட்டதும், இத்தகைய வினாக்களுக்கான விலையைக் காட்டுகின்றன.

பீரிஸ், ஆசியாவை வறுமை, பல்சமயத் தன்மை என்னும் இரு கூறுகளின் இணைவாகக் காண்கிறார். திணிக்கப்பட்ட வறுமையை எதிர்ப்பதற்கு விரும்பி ஏற்ற வறுமை ஆயுதமாகும் என்ற அவரது கருத்து, மார்க்சியரும் சமயவாதிகளும் ஒருங்கே சிந்திக்கத்தக்கது. எனினும் அவரது உரையாடலின் முதன்மைத் துணை பௌத்தமே. இந்த நூலின் கருத்தமைப்பு, வர்க்கத்தால் மட்டுமன்றி இனத்தாலும் ஒருவர் வறியவராக்கப்படுவதை விளக்கப் போதுமானதன்று. 2006இற் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் பல ஆண்டுகள் தம் நிலத்துக்குத் திரும்ப இயலாதிருந்தனர். நிலமிழப்பால் வந்த அவர்களது வறுமையைப் பொருளாதாரச் சொற்களால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அரியராஜாவின் நூல் இவ்விடைவெளியின் ஒரு பகுதியை நிரப்புகிறது. யாழ்ப்பாணத்தில் இந்து அயலவரோடு வளர்ந்த அவர், அவர்களை விலக்கிவிட்டுத் தமக்கு மட்டும் மோட்சம் அளிக்கும் இறைவனின் நீதியை இளமையிலேயே வினவியதாகக் கூறுகிறார். குடும்ப உறவிலிருந்து பிறக்கும் இவ்வினா, புலமை வாதத்திலும் வலியது. ஆயினும் நல்லயலவர் உறவு அரசியல் வன்முறையின்முன் எவ்வாறு நிலைக்கும் என்பதற்கு இந்நூல் போதிய விடை தரவில்லை. 1990 ஆகஸ்டில், அன்றைய திருக்கோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டத்தில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் சென்ற இயேசுசபைக் குரு யூஜின் ஹீபர்ட் காணாமற்போனார். அதுபோன்ற நிகழ்வுகளைப் பற்றிப் பேசாத உரையாடல் முழுமையாகாது.

ஆகவே இம்மூன்றையும் ஒன்றையொன்று திருத்தும் நூல்களாகச் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது நம் முடிபு. பாலசூரிய பகிர்வையும், பீரிஸ் வறுமையையும், அரியராஜா அயலவரையும் முன்வைக்கின்றனர். மூவரிலும் முற்றாக அடங்காதது, மொழியும் நிலமும் பற்றிய நீதி. அதனைத் தமிழில், கடற்றொழிலாளியும் புரிந்துகொள்ளுமாறு எழுதுதல் அடுத்த தலைமுறையினரின் கடன். தன் முன்னோர் இடித்த கோயிலைப் பற்றி அயலவரிடம் நேர்மையாகப் பேசத் துணியும் நம்பிக்கையே, தன் வீட்டை இழந்தவனுக்காகவும் பேசும் தகுதியைப் பெறும்.